ஈப்போ கோர்ட்டுக் காகிதம்

12.6.70, வெள்ளி
விடிஞ்சதிலிருந்து புழுதிக்காத்து. காயப்போட்ட அத்தை சேலை எல்லாம் மண். மறுபடி அலசினேன். மாமியாராய் வாய்த்தவுக, படுக்கையிலே மூணாவது மாசம். வலப்பக்கம் அசைவு இல்லை. பேச்சும் இல்லை. கஞ்சி பாதி உள்ளே, பாதி தலையணையிலே.

மத்தியானத் தபாலில் ஈப்போ உறை. அங்கே எங்க கடைக் கணக்குப்பிள்ளை அனுப்பினது. உள்ளே கோர்ட்டு நோட்டீஸ், என் பேருக்கு. தைப்பிங் ரோட்டிலே அளவுக்கு மீறின வேகமாம். நிஜம்தான். அத்தையைப் பாக்க இங்கே கப்பல் ஏறுறதுக்கு முந்தின வாரம். போலீஸ்காரன் மறிச்சு லைசென்ஸைப் பார்த்து எழுதிக்கிட்டுப் போனான். அதோட போச்சுன்னு நினைச்சேன்.

இவுக சத்தம் போட்டு வாசிச்சாக. சமையல்காரம்மா வரைக்கும் கேட்டுச்சு.

"அப்படி என்ன அவசரம் உனக்கு?"

அவசரம் ஒண்ணும் இல்லை. மழை பெஞ்சு விட்டிருந்துச்சு. ரோடு காலி. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். அதை வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்ல?

"ஆஜராகலைன்னா வாரண்டுன்னு போட்டிருக்கான். இனி நீ எப்படி அங்குட்டு போவ?"

தூக்கம் இல்லை. நான் திரும்பிப் போற பர்மிட் ஜூலை கடைசியோட சரி. அதுக்குள்ள மலேசியாவிலே இறங்கலைன்னா, அங்கே குடியிருக்கக் குடுத்த சிவப்பு ஐ.சி. வெறும் அட்டை. தேனு அங்கே. பத்து வயசு. படிப்பு கெடக்கூடாதுன்னு மகளை என் கூடப்பிறந்த ஆச்சி வீட்டிலே விட்டுட்டு வந்தோம். கொஞ்ச நாள்லே திரும்புறதாத்தான் பேச்சு.

15.6.70, திங்கள்
காரைக்குடி வக்கீல் வீடு. இவுக வரலை, வேலையாம். சமையல்காரம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கிட்டுக் குதிரை வண்டியிலே போனேன். வெயில் மண்டையைப் பொளந்துச்சு.

வக்கீல் படிச்சுட்டுச் சிரிச்சாரு. "இது என்ன கொலைக்கேசா? குத்தத்தை ஒத்துக்கிட்டு ஒரு கடுதாசி, கூட அபராதம். தீந்துச்சு. பணத்தை மட்டும் இங்கிருந்து அனுப்ப முடியாது. சர்க்கார்ல அனுமதி வாங்குறதுக்குள்ள உங்க பர்மிட் போயிரும். அங்குட்டு யாராச்சும் கட்டுவாகளா?"

ஆச்சி கட்டும். அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, ஆச்சிக்கு ஏர்மெயிலில் அனுப்பியாச்சு. புளி, விளக்கெண்ணெய் வாங்கிக்கிட்டு வீடு.

இவுககிட்டச் சொன்னேன். "அதுக்குள்ள ஒத்துக்கிட்டு எழுதியாச்சா?" அவ்வளவுதான். சந்தோஷப்படுவாகன்னு நினைச்சேன்.

3.7.70, வெள்ளி
தந்தி! ஆச்சி அபராதம் கட்டிருச்சு. கேசு முடிஞ்சுச்சு.

ஓடினேன். இவுக அத்தைக்கு நகம் வெட்டிக்கிட்டு இருந்தாக.

"கேசு முடிஞ்சுச்சு. ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துருவமா?"

மிச்ச விரலையும் வெட்டி முடிச்சாக.

"எனக்கு எடுத்தாச்சு."

"எப்ப?"

"போன மாசம்."

"நோட்டீஸ் வர்றதுக்கு முந்தியா?"

தலையை ஆட்டினாக. பிறகு, "அம்மாவ யாரு பாக்குறது? கூலிக்கு வர்றவ பாப்பாளா? நீயே சொல்லு."

"தேனு?"

"ஒன் ஆச்சி இருக்காகல்ல. படிக்கட்டும்."

"அப்ப கேசு கேசுன்னு பயமுறுத்துனீகளே?"

"அதைக் கேட்டா நீயா நின்னுக்கிருவன்னு நெனச்சேன். என் வாயால இருன்னு சொல்ல முடியல."

அத்தை கண் முழிச்சுத்தான் இருந்தாக.

6.7.70, திங்கள்
நாச்சியாபுரம், அண்ணன் வீடு. என் நகை, பாஸ்போர்ட் எல்லாம் இரும்புப் பெட்டியிலே, சாவி இவுக இடுப்பிலே. கப்பல் டிக்கெட் மட்டும் எடுத்துக் குடுங்க, பாஸ்போர்ட்டை நான் சண்டை போட்டு வாங்கிக்கிறேன்னேன்.

"மாப்பிள்ளைக்குத் தெரியாம நான் எடுத்துக் குடுத்தா ஊரு என்ன பேசும்? அவுக சொல்றதும் நியாயந்தானே?"

மோர் குடுத்தாக. குடிச்சேன். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிட்டேன். பஸ்ஸிலே நிக்க இடமில்லை.

18.7.70, சனி
விடியக்கருக்கலிலே இவுக கிளம்பக் கார். நாகப்பட்டினம் போய்க் கப்பல். தேனுக்கு ரெண்டு பாவாடை, மாவுருண்டை ஒரு டப்பா, ஒரு கடுதாசி. அப்பத்தா எந்திரிச்சு நடந்ததும் வர்றேன்னு எழுதியிருக்கேன். பொய்.

இவுக அத்தை காலைத் தொட்டுக் கும்பிட்டு அழுதாக. நான் பாக்க அழுதது இதுதான் முதல் தடவை. என்கிட்ட, "மருந்துச் சீட்டு அலமாரியிலே இருக்கு."



31.7.70, வெள்ளி
மேகம். மழை இல்லை. பர்மிட் இன்னியோட சரி.

அத்தைக்கு ரெண்டு தடவை விரிப்பு மாத்தினேன். முதுகிலே புண் பெரிசாகுது. டாக்டருக்குச் சொல்லிவிடணும். பவுடர் தீந்துபோச்சு.

மத்தியானம் கஞ்சி. துப்பினாக, என் முகத்திலே. கையை ஓங்கிட்டேன். அத்தை கண்ணை இறுக மூடிக்கிட்டு அடிக்குக் காத்திருந்தாக. கையை இறக்கிட்டேன். அவுக கண்ணைத் திறக்க வெகு நேரம் ஆச்சு.