விசில் ஊதிய தம்பிக்கு

தம்பி,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. நேற்று மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன், சீருடை உனக்குக் கச்சிதமாகத்தான் இருந்தது.

கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரை உங்கள் படை நடுரோட்டில் மண்டிபோட வைத்து அடித்தது, வேனில் தூக்கிப் போட்டது. நீ கை ஓங்கவில்லை. தெருமுனையில் நின்று விசில் ஊதி, வண்டிகளை அடுத்த தெருவுக்குத் திருப்பிவிட்டாய். அப்புறம் எனக்கு ஃபோன் போட்டு, "ஜன்னலைச் சாத்திக்கக்கா, உன் நல்லதுக்குத்தான்" என்றாய். என்ன அக்கறை!

"அவங்க நம்மவங்க இல்லக்கா" என்று போன மாதம் பாடம் நடத்தினாயே. உனக்கு மூச்சிரைத்தபோதெல்லாம் கதவைத் திறந்து மருந்து கொடுத்த மனுஷன், நீ எவருடைய ஆள் என்று ஒருநாளாவது கேட்டாரா?

அவர் மனைவியும் பிள்ளைகளும் இப்போது உன் அறையில் இருக்கிறார்கள். காலையில் அவளும் நானும் கடையைத் திறந்தோம். உன் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்து, "யாரைக் கேட்டுத் தொறந்தீங்க?" என்று அதட்டினார்கள்.

"என் தம்பியைக் கேளுங்கடா. ஜன்னலைத்தான் சாத்தச் சொன்னான், கடையைச் சாத்தச் சொல்லலையே."

மருந்து வாங்க நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். உன் கூட்டாளிகள் முகம் கறுத்துத் திரும்பிப் போனார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவள் என்னைக் கேட்டாள்: "அவரை எங்க கொண்டுபோனாங்கன்னு உங்க தம்பிக்குத் தெரியுமாக்கா?"

அதே கேள்வியைத்தான் உனக்கு எழுதுகிறேன். பதிலோடு வா. இல்லையென்றால் இந்தப் பக்கம் தலைகாட்டாதே.

தம்பி என்று எழுத இன்னும் கை வருகிறதே என்ற ஆத்திரத்தோடு,
அக்கா