அஜிஷா கொடுத்த கேஸ்

அய்யா உண்டு.

அன்பு மகள் ஆதிராவுக்கு அருமனையிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம், அப்பாவுக்கு முட்டுவலி குறைந்து மறுபடியும் ஆட்டோ ஓட்டத் தொடங்கிவிட்டார், மஸ்கட்டில் நீயும் குறையில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுவாய், பிறகு நானும் அழுவேன், அதனால்தான் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் பக்கத்து வீட்டு சிஜின் கையில் பலாச்சக்கை வற்றலோடு கொடுத்துவிடுகிறேன். முடிவு நல்லதுதான், பயப்படாமல் வாசி.

எங்கள் முந்திரி அண்டியாபீஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து முந்திரிப் பருப்புக்குத் தோல் எடுப்பாளே அஜிஷா, மரியஜானின் மகள், போன ஓணத்துக்கு வந்தபோது நீ மருதாணி போட்டுவிட்டவள், அவளைச் சூப்பர்வைசர் சாக்கு எடுக்க என்று குடோனுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, அவள் உடம்பில் கை வைத்திருக்கிறான். அவன் கையைக் கடித்துவிட்டு ஓடி வந்துவிட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் எடுத்த பருப்பெல்லாம் உடைந்துபோனது. நான் குடைந்து கேட்கவில்லை, தண்ணீர் கொடுத்து முற்றத்துக்குக் கூட்டிப்போய்ச் சும்மா கூட இருந்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு, "மாமி, நான் சொன்னா நம்புவியளா?" என்றாள். "நம்புவேன் மக்கா, உனக்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். எல்லாம் சொன்னாள். இனி என்ன செய்யலாம் என்று அவளிடமே கேட்டேன். "போலீசுக்குப் போணும் மாமி, ஆனா அப்பா விடமாட்டாவ" என்றாள்.

அன்றைக்கே நானும் உன் அப்பாவும் அவளை அவள் வீட்டுக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னோம். விடவில்லைதான். "வெளிய தெரிஞ்சா இவளுக்கு ஒரு கல்யாணம் நடக்குமா?" என்று அவள் அப்பா மரியஜான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது பேசியது யார் தெரியுமா, உன் அப்பா! நாலு பேர் கூடினால் வாயே திறக்காத மனுஷன், "எலே மரியஜான், அவன் நிமிந்து நடப்பான், நம்ம பிள்ள ஒளிஞ்சு கெடக்கணுமா? ஏறு வண்டில" என்று ஒரு அதட்டு அதட்டினார். பெண்களுக்கான உதவி எண் 181-க்குப் பேசினோம், எடுத்த பெண் பொறுமையாய்க் கேட்டு வழி சொன்னாள். அப்படியே மகளிர் காவல் நிலையம். இறங்கிப் பார்த்தால் என் ஒரு காலில் என் செருப்பு, மற்ற காலில் உன் அப்பா செருப்பு. அந்த நேரத்திலும் அஜிஷா அதைப் பார்த்துச் சிரித்தாள், எனக்குப் பாதி உயிர் வந்தது.

போலீஸ் அவனைக் கைது செய்தது. மறுநாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டு, ஆபீஸ் பெயர் கெட்டுவிடும், கேஸை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள் என்றார். ஒருத்தியும் பருப்பைத் தொடவில்லை, எல்லாரும் வாசலில் உட்கார்ந்துவிட்டோம், சாயங்காலத்துக்குள் அவனை வேலையை விட்டே நீக்கிவிட்டார். புகார் கேட்கப் புதிதாய் ஒரு கமிட்டி போட்டதில் உன் அம்மாவும் மெம்பர், நம்பு. முதல் கூட்டத்தில் மைக்கைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி பிள்ளைகளா, எவன் கை வச்சாலும் வாயத் திறந்து சொல்லுங்க, நாங்க கூட நிப்போம்" என்றேன், ஒரே கைதட்டல். குடோன் உள்தாழ்ப்பாளையும் கழற்ற வைத்தோம்.

அஜிஷா வேலைக்கு வருகிறாள். சாக்கு விழும் சத்தத்துக்கே திடுக்கிடும் நாட்களும் உண்டு, அன்றைக்கு யாரும் அவளைக் கேள்வி கேட்பதில்லை. கவுன்சிலிங் போகிறாள், மனசு லேசாகிறது என்கிறாள். மகளே, நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எவனாவது, பெரிய டாக்டரே ஆனாலும், அப்படி நடந்துகொண்டால் மறைக்காதே. வேலை போனால் போகட்டும், வீடு இருக்கிறது.

போன வாரம், நடந்ததை அஜிஷா கோர்ட்டில் சொல்லவேண்டிய நாள். மரியஜான் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தார். வெளியே சாயாக்கடையில் தெரிந்தவர் ஒருவர் என்ன விஷயம் என்று அவரிடம் மெதுவாய்க் கேட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். "எனக்க மகளாக்கும் கேஸ் குடுத்தது" என்று கடை முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு, "அவளுக்கு சூடா ஒரு சாயா போடும்" என்றார்.

அய்யா உன்னை எப்போதும் காக்கட்டும். வற்றலை ரூமில் எல்லாருக்கும் கொடு, வாசித்ததும் கூப்பிடு.

உன் அம்மா,
ராஜபாய்