நடு மூட்டையைப் பிரித்தவளுக்கு

இன்று காலை சரக்குக் கிட்டங்கியைத் திறந்ததும் காய்ந்த அவுரி இலையின் வாசம் முகத்தில் அடித்தது. உன் சேலையிலும் இதே வாசம்தான் இருக்கும். நீ இறந்து இரண்டு வருடமாகிறது.

சென்ற வாரம் வணிகர் கூட்டமொன்றில் பேச அழைத்தார்கள். எதையும் கணிக்க முடியாத இன்றைய சந்தையில் ஒரு நிறுவனத்தை மாறவைப்பது எது என்பது தலைப்பு. தொழில்நுட்பம் என்ற பதிலை எதிர்பார்த்தார்கள். நான் உன்னை நினைத்துக்கொண்டேன்.

நாம் இருவரும் கூட்டாக நடத்திய அவுரி இலை ஏற்றுமதியில், துணிப்பையில் மாதிரி இலை அனுப்புவதுதான் வழக்கம். பைக்குள் போவது பச்சை மாறாத, பொறுக்கியெடுத்த இலை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பிறகு பல நாட்டு விற்பனையாளர்களையும் ஒரே திரையில் பார்த்து வாங்கும் காலம் வந்தது. நம்மிடம் மிஞ்சியிருந்த ஒரே பெரிய வெளிநாட்டு வாடிக்கையாளர், மாதிரி வேண்டாம், வீடியோவில் மூட்டைகளைக் காட்டுங்கள் என்று எழுதினார். அவரும் போனால் கிட்டங்கியை மூட வேண்டியதுதான்.

நான் நாற்பது பக்கத்தில் ஒரு திட்டம் எழுதினேன். படித்த படிப்பு அப்படி. நீ அதைப் புரட்டிவிட்டு, "ஏளா, இதுல இலை எங்க இருக்கு?" என்று கேட்டாய்.

வீடியோ அழைப்பு வந்த அன்று, சுமை தூக்கும் அண்ணாச்சி, "நம்ம மூஞ்சியும் தெரியுமாம்மா? சட்டையப் போட்டுட்டு வாரேன்" என்று ஓடினார். நல்ல மூட்டைகளை நான் முன்வரிசையில் அடுக்கியிருந்தேன். நீ அவற்றைத் தாண்டிப் போய், நடுவில் கிடந்த ஒன்றைக் கத்தியால் கீறினாய். பாதி இலை மஞ்சளாகியிருந்தது.

"ஏளா, கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று உன் கையைப் பிடித்தேன்.

"அங்கன போனப்புறம் அவன் பிரிக்கமாட்டானாக்கும்? இருக்கத காட்டுதேன். வேணும்னா வாங்கட்டும்."

வழக்கமாக வாங்குவதில் பாதிதான் வாங்கினார். மூன்று நாள் நான் உன்னோடு பேசவில்லை. அடுத்த பருவத்தில் அவரே அழைத்து, ஒவ்வொரு மூட்டைக்கும் படம் கேட்டார். அதற்காகத்தான் தரம் பிரித்தோம், மூட்டைக்கு எண் போட்டோம். இப்போது அதை நம்முடைய டிஜிட்டல் உத்தி என்கிறார்கள்.

உன் நேர்மைதான் அவரைத் திரும்பக் கொண்டுவந்தது என்று சொல்ல எனக்கு இன்னும் தயக்கம். அந்த வருடம் வேறெங்காவது விளைச்சல் பொய்த்திருக்கலாம். எங்களை மாற்றியது பயம் என்று மட்டும் கூட்டத்தில் சொன்னேன். கத்தி பிடித்த உனக்கும் அந்தப் பயம் இருந்ததைச் சொல்லவில்லை. அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

இன்று பத்து மணிக்கு ஒரு புதிய வாடிக்கையாளர் வீடியோவில் அழைக்கிறார். என் கை இப்போதும் முதலில் முன்வரிசை மூட்டைக்குத்தான் போகிறது. பிறகு கையை எடுத்துவிட்டு, கத்தியோடு நடுவுக்கு நடக்கிறேன். அண்ணாச்சி சட்டையை மாட்டியபடி பின்னால் வருகிறார். கத்தி உன்னுடையதுதான்.