முதல் தாள்: மலையாளம்

இந்தப் பருவத்துப் புளி இன்று காலை மலையிலிருந்து இறங்கியது. சாக்கின் வாயைப் பிரித்ததும் கடை முழுக்க அந்த வாசனை. தரம் பார்க்க ஒரு சுளையைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். நீ இருந்திருந்தால், "எப்படி இருக்குதுன்னு சொல்லு மாமா, காதாலயாவது துன்றேன்" என்றிருப்பாய். சிறுநீரகம் கெட்டவர்கள் புளியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, அவருக்கு எதிரிலேயே என்னைப் பார்த்துச் சிரித்தவள் நீ. "புளி யாவாரியைக் கட்டிக்கினதுக்கு எனக்கு வெச்ச சீரு இதான் போல."

எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. இப்போதும்தான்.

நானும் அந்த மலையில் பிறந்தவன்தான். பஸ் கூரையில் ஒரு மூட்டை கடுக்காயை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, ஏமாந்து, கற்றுக்கொண்டு, இந்தக் கடையைப் பிடித்தேன். எதைச் சொன்னாலும் லாபம் என்ன என்று கேட்பது எனக்குப் பழக்கம். உன் பாதை வேறு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையில் உன் அப்பா போய்விட்டார். காலேஜ் போக வேண்டியவள் அம்மாவோடு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனாய். கரும்புச் சோகை கிழித்த தழும்புகள் கல்யாணத்தன்று மருதாணிக்கு அடியிலும் தெரிந்தன.

பிறகு கால் வீங்கியது, முகம் வீங்கியது. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். ஒரு நாள் அந்தக் கட்டிலில் படுத்தபடியே கேட்டாய்.

"மாமா, நான் காலேஜு படிக்கட்டா? தபால்லயே படிக்கலாமாம்."

"இப்பப் படிச்சு இன்னா பண்ணப் போற?"

"ஊசி குத்திக்கினு மோட்டுவளையையே பாத்துக்கினு கெடக்கிறேனே, அதுல இன்னா லாபம்? நீயே சொல்லு, யாவாரி."

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரு வயதான அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவர் திரும்பிப் படுத்த பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாய்: "பன்னெண்டோட நின்னது, ஒத்தக் கால்ல செருப்பு போட்டுக்கினு நடக்குறாப்புல இருக்குது மாமா." அதற்கு மேல் நான் பேரம் பேசவில்லை.

விண்ணப்பம் போட நாம் போன இடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஆள் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இன்னா சாதிம்மா?"

"மலையாளி சார்."

"கேரளாவா? தமிழ் நல்லாப் பேசுறியே!"

"கேரளா இல்ல சார். கல்வராயன் மலை. மலையில இருக்கிறவங்க நாங்க, அதான் மலையாளி. ஒரு தபா வெள்ளிமலை வந்து பாருங்க, பஸ்சுலயே போவலாம்."

அவர் சிரித்தார், நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். சந்தையில் யாராவது கேரளாவா என்று கேட்டால் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு எடைக் கல்லைப் பார்ப்பவன் நான். நீதான் ஒவ்வொருவருக்கும் மலையைக் கையால் காட்டி விளக்குவாய். அந்த ஆளுக்கும் விளக்கினாய். அவர் காதில் ஏறியது மலையாளி என்ற ஒரு சொல் மட்டும்தான். பரீட்சைக்கு நுழைவுச் சீட்டு வந்தபோதுதான் தெரிந்தது. முதல் தாள்: மலையாளம்.

நீ கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாய். "நம்ம மலையை அலாக்கா தூக்கிக்கினு போய் கேரளாவுல வெச்சுட்டாங்க மாமா!" நான் நேராகப் போய்ச் சத்தம் போட்டேன். திருத்தலாம், ஆனால் தமிழ்த் தாளை அடுத்த பருவத்தில்தான் எழுத முடியும் என்றார்கள். அடுத்த பருவம் என்பது அவர்களுக்குச் சாதாரணமாக இருந்தது. நமக்கு அப்படி இல்லை. அன்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துப் பேசியிருந்தார். நான் உன்னிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நீயே கேட்டாய்: "அடுத்த பருவம் வரைக்கும் தாங்குவனா மாமா?"

"நீ தாங்காம யாரு தாங்குவா?" என்றேன். சரக்கைப் பற்றிக்கூட நான் அவ்வளவு துணிந்து பேசியதில்லை.

தாங்கினாய். ஒரு நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர்தான், அதற்கு மேல் கூடாது. நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது வாயில் ஒரு ஐஸ் துண்டைப் போட்டுக்கொண்டு படித்தாய். ஒரு கையில் ஊசி, மறு கையில் புத்தகம். பக்கம் திருப்ப ஆள் இல்லாவிட்டால் முகவாயால் திருப்புவாய். நர்சுகள் உன்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நீ எடுத்திருந்த வரலாற்றுப் பாடம் ஒவ்வொரு தாளாகத் தேறியது. தமிழ் மட்டும் நின்றுகொண்டே இருந்தது. திருத்தம் வந்து முதல் முறை எழுத வேண்டிய நாளில் உனக்கு மூச்சு முட்டி, ஆம்புலன்சில் விழுப்புரம் போனோம். வழியெல்லாம் ஆக்சிஜன் மூடிக்குள்ளிருந்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாய். குனிந்து கேட்டேன். மனப்பாடப் பகுதி.

கடைசியில் எழுதினாய். தேர்வுக் கூடத்துப் படியை உன்னால் ஏற முடியவில்லை. மூட்டை தூக்குகிறவன்தானே நான், தூக்கிக்கொண்டு போனேன். "கம்மியாத்தான் கனக்கிறேன், இல்ல?" என்றாய். உண்மையிலேயே புளி மூட்டையில் பாதிகூட இல்லை நீ.

வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது, கண் மட்டும் மின்னியது. "எங்கள் ஊர்னு கட்டுரை கேட்டிருந்தாங்க மாமா. நம்ம மலையைப் பத்தி நாலு பக்கம் எழுதிட்டேன். முதல் வரியே, நாங்கள் கேரளா இல்லைன்னு."

அந்த மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். உன் அம்மா கேட்டுக்கொண்டபடி மலைக்கு மேலே கொண்டுபோய், சாமைக் கொல்லை ஓரம் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

எல்லாம் முடிந்து, கடையைத் திறந்து, வழக்கம்போலச் சண்டை போட்டு வியாபாரம் செய்யக்கூடத் தொடங்கியிருந்தேன். உன் பெயரைக் கேட்டு ஒரு போன் வந்தது. படிப்பு மையத்திலிருந்து ஒரு பெண் குரல்.

"தமிழும் பாஸ் ஆயிட்டாங்க சார். டிகிரி முடிஞ்சிருச்சு. போனை அவங்ககிட்ட குடுங்க, நானே சொல்றேன்."

நாள் முழுக்கப் பேசியே பிழைப்பவன் நான். அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

"மலையில இருக்குதுங்க" என்றேன்.

"அங்க டவர் கெடைக்காதா சார்?"

"கெடைக்காதுங்க."

"சரி சார், மறக்காம சொல்லிடுங்க. ரொம்ப சந்தோசப்படுவாங்க."

"சொல்றேங்க."

பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு அன்றிலிருந்து நெஞ்சில் கனத்துக்கொண்டே இருக்கிறது. சொல்லிவிட்டால் உன்னிடம் சொல்ல எனக்கு வேறு சேதி ஏதும் மிச்சமிருக்காது, அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

நீ பாஸ், புள்ள. தமிழ்லயும் பாஸ்.