ஷிப்ட் நேரம் சொல்லப்படமாட்டாது

12-6-1978, திங்கள்

பொன்னேரியிலேயே ரயில் இருபது நிமிடம் தாமதம். தொழிற்சாலையில் எல்லோருக்கும் சிவப்பு மையில் லேட் போட வேண்டிய நானே லேட். கேட்டைத் திறந்துகொண்டே வாட்ச்மேன் சடையப்பன், "உங்களுக்கு யாரும்மா செவப்பு மை போடுவாங்கோ?" என்றார். நேரே டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

டானிக் பாட்டில் பேக்கிங்கில் எல்லம்மாவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சிவப்பு மை அதிகம் அவள் அட்டையில்தான். இன்று உட்கார்ந்து பார்த்தேன். அத்தனையும் திங்கட்கிழமை. ஏன்?

14-6, புதன்

அவளையே கேட்டேன். "ஊட்ல வழுக்கி வுழுந்துட்டேன் டைம்கீப்பரம்மா."

"உங்க வீட்டுத் தரை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வழுக்குமா?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. தலைப்பை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டு, "அவருக்கு அன்னிக்குத்தான் லீவு" என்றாள்.

என் வாய் இருக்கிறதே.

19-6, திங்கள்

எல்லம்மா இன்று எல்லோருக்கும் முன்னால் வந்து அட்டை அடித்தாள்! சனிக்கிழமை வீட்டுக்கே போகவில்லையாம். உடன் வேலை செய்யும் அஞ்சம்மாள் வீட்டில் தங்கிவிட்டாள். அஞ்சம்மாள் சொன்னாள்: "எங்கூட்ல ஒரு பாய் விரிக்க எடமா இல்ல?"

20-6, செவ்வாய்

காலையில் ஜன்னலுக்கு ஒருவர் வந்தார். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. "நான் எல்லம்மாவோட அண்ணன்மா. பழவேற்காட்லேர்ந்து வந்துகீறேன். தங்கச்சி எப்ப வெளிய வரும்?" எத்தனை மரியாதை! மூன்றரைக்கு என்றேன்.

அண்ணன் இல்லை. புருஷன். ராஜவேலு. மூன்றரைக்குக் கேட்டிலேயே நின்று, முடியைப் பிடித்து இழுத்து, டிபன் கேரியரால் நெற்றியில் - சடையப்பன் ஓடிவந்து பிரிப்பதற்குள் ரத்தம். நாலு தையல்.

நான்தானே சொன்னேன். நேரம் கேட்டான், சொல்லிட்டேன். யாரு என்னன்னு ஒரு வார்த்தை விசாரிச்சேனா?

21-6, புதன்

மேனேஜர் வீரராகவனிடம் போனேன். "குடும்ப விவகாரம், பங்கஜவல்லி. அவளை நிறுத்திட்டா தொல்லை விட்டது" என்றார்.

"அடிச்சவன் வெளியே சுத்தறான். அடி வாங்கினவளையும் வெளியே அனுப்பணுமா சார்?"

பைலைப் பார்க்க ஆரம்பித்தார். பைல் தலைகீழாக இருந்தது.

22-6, வியாழன்

பேக்கிங்கில் ஒருத்திக்கும் வேலையில் கவனம் இல்லை. ரோட்டில் சைக்கிள் மணி கேட்டால்கூட எல்லாத் தலையும் வாசலுக்குத் திரும்புகிறது. மதியத்துக்குள் முப்பத்தொரு பாட்டில் உடைந்தது. மேனேஜர் வந்தார். டானிக்கில் செருப்பு ஒட்டி ஒட்டி, ஒவ்வொரு அடிக்கும் 'சப் சப்' என்று சத்தம். யாரும் சிரிக்கவில்லை. அது அவருக்கே உறைத்திருக்க வேண்டும்.

"சரி. என்ன செய்யணும், சொல்லு" என்றார்.

சொன்னேன். எல்லம்மாவின் ஷிப்ட் மாறியது. பெண்கள் நாலு பேராகச் சேர்ந்துதான் வெளியே போக வேண்டும். அவன் முகத்தைப் பார்த்தால் சடையப்பன் உடனே கேட்டைப் பூட்டிவிட்டு போலீசுக்குப் போன் செய்வார். என் ஜன்னலில் நானே எழுதி ஒட்டினேன்: யாருடைய ஷிப்ட் நேரமும் யாருக்கும் சொல்லப்படமாட்டாது.

"மேனேஜர் ஊட்டம்மா வந்து கேட்டாகூடவா?" என்றார் சடையப்பன்.

"கூடத்தான்."

மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

3-7, திங்கள்

வந்தான். கேட்டைப் பூட்டிவிட்டதால் டைம் ஆபீஸின் ரோட்டுப்பக்க ஜன்னலுக்கு வந்துவிட்டான். கையில் பேப்பரில் சுற்றிய இரும்புக் குழாய். "எத்தினி மணிக்கு வருவா?"

ஒட்டியிருப்பதைக் காட்டினேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது."

"நான் படிக்கிறேன்." படித்தேன். ஜன்னல் கம்பியில் குழாயால் ஒரு தட்டு தட்டினான். மறுபடி படித்தேன். கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து இறங்கியபோது நாலாம் தடவை படித்துக்கொண்டிருந்தேன்.

புகார் யார் தருவது என்று கான்ஸ்டபிள் கேட்டார். உள்ளேயிருந்து எல்லம்மா வந்தாள். நெற்றித் தழும்பு இன்னும் சிவந்திருந்தது. அஞ்சம்மாளின் கையை இறுகப் பிடித்திருந்தாள். "நான் குடுக்கிறேன். இன்னா எழுதணும் சொல்லுங்க."

அவன் அவளைப் பார்த்தான். அவள் கான்ஸ்டபிளைப் பார்த்தாள்.

5-7, புதன்

இன்று எதுவும் நடக்கவில்லை. அருமையான நாள்.

21-8, திங்கள்

இனி அவளைத் தொட மாட்டேன் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன ராஜவேலு அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. பெண்கள் இன்னும் நாலு நாலு பேராகத்தான் போகிறார்கள். இப்போதெல்லாம் அது அரட்டைக்காக.

எல்லம்மா அஞ்சம்மாள் தெருவிலேயே ஓர் அறை பிடித்துவிட்டாள். இன்று கேண்டீன்காரரையும் பிடித்துக்கொண்டாள். "இது இன்னா சாம்பாரா, கை கழுவுன தண்ணியா? நீ ஒரு வாய் துண்ணு காட்டு, அப்பால நாங்க துண்றோம்." கேண்டீன் முழுக்கக் கேட்டது. இத்தனை நாளில் அவள் இப்படிக் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

சமாதானம் செய்யலாம் என்று எழுந்தேன்.

"நீ குந்தும்மா. நான் பேசிக்கினு இருக்கேன்ல?" என்றாள்.

உட்கார்ந்துவிட்டேன்.