பென்சிலில் ஒரு மீன்கொத்தி

கோபக்காரிக்கு,

மகள் வீட்டில் நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். இங்கே நம் குளம் பாதியாகச் சுருங்கிவிட்டது. கரையில் புதிதாக விளக்குகள் போட்டதிலிருந்து நீர்க்கோழிகளையும் காணோம். நாம் பார்த்துப் பார்த்து எழுதிய குறிப்பேட்டில் இதையெல்லாம் விடாமல் எழுதுகிறேன். பென்சிலில்தான்.

மரத்தில் மாட்டிய பிளாஸ்டிக் பையை நான் கொக்கு என்று எழுதிய அன்று நீ போட்ட சட்டம் அது. "ரெண்டு பேரும் பார்த்தாத்தான் பேனா. நீங்க மட்டும் பார்த்தா பென்சில்." நீ போனபின் ஒரு பக்கத்தில்கூட மை படவில்லை.

எதிர்வீட்டு டெய்லர், "அக்கா எப்ப வர்றாங்க?" என்று கேட்டார். அடுத்த வாரம் என்றேன். போன மாதமும் அதையேதான் சொன்னேன்.

இன்று காலை மீன்கொத்தி திரும்பி வந்திருந்தது. துருப்பிடித்த குழாயில் உட்கார்ந்து, மீனை அடித்து அடித்து விழுங்கியது. "அங்க பாரு" என்று பக்கத்தில் திரும்பிச் சொன்னேன். என் சத்தத்தில் அது பறந்தே போய்விட்டது. என் குரல் அப்படி. உனக்குத் தெரியாததா?

ஒருநாள் வந்துவிட்டுப் போ. பறவையைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறேன். பேனாவில் மை நிரப்பி வைத்திருக்கிறேன்.

உன் அவசரக்குடுக்கை