அம்மாவின் செருப்பு விழுந்த ஓட்டை

அன்புள்ள அப்பாவுக்கு, டெல்பினின் ஸ்தோத்திரம்.

நான் சுகம். ஜனக்புரியில் குளிர் தொடங்கிவிட்டது. உங்களுக்கு இருமல் நின்றதா? வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தாலே போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கோவிலுக்குப் போகும் வழியில் நம் பழைய பிக்கப்பின் தரைத் தகரம் உடைந்து, அம்மாவின் செருப்பு ரோட்டில் விழுந்ததை இருவரும் சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்போடு காலும் போயிருந்தால்? நீங்களோ ஓட்டைமேல் பலகை வைத்து, ரப்பர் மேட் விரித்து, சுற்றியுள்ள துருவின்மேல் பட்டி பூசி, நீலப் பெயின்ட் அடித்துப் போட்டோ அனுப்புகிறீர்கள். கேட்டால், "ஏட்டி, டெல்லியில இருந்துக்கிட்டு எனக்கு வண்டி படிச்சுக் குடுக்கியா?" என்கிறீர்கள்.

உப்பளத்தில் ஓடும் வண்டி துருப்பிடிக்கத்தான் செய்யும். அதை ஞாயிறு ஆராதனைக்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் நம் போர்வெல் தண்ணீரில் கழுவுகிறீர்களே, அதுவும் உப்புதானே அப்பா! குடிதண்ணீர் லாரி வரும்போது வண்டிக்கும் இரண்டு குடம் பிடியுங்கள். துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்யுங்கள்.

தினமும் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யும் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்புங்கள். பேட்டரி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

கிறிஸ்துமஸுக்கு என்னை அழைக்க ஸ்டேஷனுக்கு ஆட்டோ அனுப்ப வேண்டாம். அந்த வண்டியிலேயே வாருங்கள். ஏறுமுன் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்ப்பேன். பலகை இருந்தால் அம்மாவும் நானும் பின்னால் பெட்டிகளோடு நின்றுகொண்டே வருவோம். ஊரே பார்க்கட்டும்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

டெல்பின்